ஏணையின் நிறை ஓர் இறாத்தல்

போன மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான் இருந்த கதிரையில் இப்போது இருக்கும் பரிசோதகர், சின்ன வயதுப் பெண், மரியாதையாகத்தான் கேட்டார்.

"சேர், ஒரு சின்ன விசயம். ஒரு இறாத்தல் பாண் நானூற்றைம்பது கிராம் இருக்கவேணும் எண்டு போட்டுக்கிடக்கு. ஏன் நானூற்றைம்பது? ஐந்நூறு எண்டு வைச்சிருக்கலாமே? பேக்கரிக்காரர் ஒருத்தர் கேட்டவர். எனக்குப் பதில் வரேல்லை."

"அது பழைய ஆங்கிலேயர் நிறை அம்மா, பவுண்ட் எண்டுறது. கிலோவுக்கு மாத்தேக்கை அப்பிடியே நறுக்கி எடுத்தது" என்றேன்.

"ஓ, அவ்வளவுதானா சேர்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். அந்த "அவ்வளவுதானா" என்னைக் கொஞ்சம் சீண்டிவிட்டது. முப்பது வருடம் தராசோடு கிடந்தவனுக்கு அது அவ்வளவுதான் இல்லை. இப்போதைய தராசுகள் பொத்தானை அமத்தினால் தாங்களாகவே பூச்சியத்துக்கு வந்துவிடுகின்றன. எங்கள் காலத்தில் பூச்சியத்துக்குக் கொண்டுவருவது மனிதன். அந்த மனிதன் நானாக இருந்ததால் நேர்ந்ததைத்தான் எழுதப் போகிறேன்.

நான் அளவை நிறுவைப் பரிசோதகர். வன்னியில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. "முத்திரை ஐயா" என்றால் விளங்கும். கடைகளின் தராசையும் படிக்கற்களையும் வருடத்துக்கு ஒருமுறை சரிபார்த்து, அவற்றின் அடியிலுள்ள ஈயத்தில் அந்த ஆண்டுக்குரிய குறியைக் குத்துகிறவர். ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் அச்சுமாக நிற்பதால் பாதிச் சனம் என்னைக் கொல்லன் என்று நினைத்திருந்தது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

கொழும்பில் நடந்த பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒன்பது மாதம், புழுங்கும் அறை, விடுதிச் சாப்பாடு. உண்மையில் நான் படித்தது வவுனியாவில், குணநாயகம் ஐயாவிடம். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மேலதிகாரி அவர். மெலிந்த மனிதர். காற்சட்டைப் பையில் எப்போதும் இரண்டு லேஞ்சி இருக்கும். ஒன்று மூக்குக்கு, மற்றது படிக்கு. பித்தளைப் படியை வெறுங்கையால் தொட்டதை நான் ஒருநாளும் காணவில்லை. கை வியர்வை பட்டால் பித்தளை கறுத்துவிடும், கறுத்தால் நிறை மாறும் என்பார். கடைக்குள் நுழைந்தால் முதலாளியோடு பேச்சு இல்லை. முதலில் தட்டைத் தூக்கி அடியைப் பார்ப்பார். அங்கே ஒட்டிவைத்த புளியோ மெழுகோ இருந்தால் அதைச் சுரண்டி எடுத்து, கடைக்காரரின் மேசையில் வைத்துவிட்டு, "இது உங்கடை" என்பார். அதற்குப் பிறகுதான் வணக்கம்.

நான் வேலையில் சேர்ந்த முதல் நாள் அவர் எங்கள் மூன்று பேரையும் நிற்கவைத்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். பவுண்ட் என்றால் என்ன? முதலாமவர் "பாண்" என்றார். இரண்டாமவர் கலியாணம் பேசிக்கொண்டிருந்த பேர்வழி. "பவுண் சேர், எட்டுக் கிராம் தங்கம்" என்றார். நான் கெட்டிக்காரத்தனம் காட்ட நினைத்து, "இங்கிலாந்துக் காசு" என்றேன்.

"மூண்டும் சரி. மூண்டும் உதவாது" என்றார் குணநாயகம் ஐயா.

பிறகு அவர் சொன்ன கதை எனக்கு இன்றைக்கும் இனிக்கிறது. முற்காலத்தில் அந்த நாட்டில் ஒரு இறாத்தல் வெள்ளியை நிறுத்து அதில் நாணயம் அடித்தார்களாம். அதனால் நிறையின் பெயர் காசுக்கு வந்தது. பின்னர் ஒரு பவுண் காசின் பெறுமதிக்குத் தங்கத்தில் நாணயம் அடித்தார்கள். அந்த நாணயம் எட்டுக் கிராம் அளவில் இருந்தது. அது இங்கே வந்து தட்டார் கையில் ஏற, காசின் பெயர் திரும்பவும் நிறையாகிவிட்டது. சீதனப் பேச்சில் நாங்கள் சொல்லும் பவுண் அதுதான். சுருக்கி எழுதும்போது எல், பி என்று எழுதுகிறோமே, அது இலத்தீனில் தராசுக்குரிய சொல்லிலிருந்து வந்ததாம். நாங்கள் சொல்லும் இறாத்தல் அரபு வியாபாரிகளோடு கப்பலில் வந்த சொல். ஒரு பாணுக்குள் இத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள்.

"சரி, ஒரு இறாத்தல் பஞ்சு, ஒரு இறாத்தல் தங்கம். எது பாரம்?" என்று கேட்டார்.

நாங்கள் மூவரும் சிரித்தோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இரண்டும் ஒன்று என்று சொல்லும்.

"பஞ்சு" என்றார் அவர். "தங்கத்துக்கு வேறை இறாத்தல். அது பன்னிரண்டு அவுன்ஸ். பஞ்சுக்குப் பதினாறு. ஆனபடியால், தம்பிமார், எவ்வளவு எண்டதைப் பிறகு சொல்லுங்கோ. முதலிலை என்னத்தை நிறுத்தனீர் எண்டு சொல்லுங்கோ."

அந்தக் கேள்வி அவருடைய பழக்கம். எந்த அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "என்னத்தை நிறுத்தனீர்?" என்பார். கிளிநொச்சியில் அப்புத்துரையரின் பேக்கரி மீது முறைப்பாடு வந்தபோது நான் விடியக் காலமையே போய், அடுப்பிலிருந்து இறங்கிய பாணை நிறுத்து, நிறை சரி என்று எழுதிக் கொடுத்தேன். "என்னத்தை நிறுத்தனீர்?" என்றார். "பாண், சேர்" என்றேன். "பாணும் நீராவியும்" என்றார். அடுத்த நாள் அவரே வந்து, பத்துப் பாணை ஒரு நீள வாங்கில் அடுக்கி ஆறவைத்து, ஒரு தேத்தண்ணியைப் பனங்கட்டியோடு மெல்லக் குடித்து முடித்து, பிறகு நிறுத்தார். ஒவ்வொன்றும் குறைவு. அப்புத்துரையர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அடுப்பாலை எடுக்கேக்கை சரியாத்தான் இருந்தது. காத்துத் திண்டால் நான் என்ன ஐயா செய்யிறது?" என்றார். "காத்துக்கும் சேர்த்து மாவைப் போடும்" என்றார் குணநாயகம் ஐயா.

அந்தச் சொல்லோடு எனக்கு வேறு கூத்துகளும் நடந்தன. ஒருமுறை துணுக்காய்ப் பக்கமிருந்து என் மேசைக்கு ஒரு அலுவலகக் கோவை வந்தது. பவுண்டின் கதவு உடைந்துவிட்டது, உடனே திருத்தவேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இறாத்தலுக்கு எங்கே கதவு என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அது கட்டாக்காலி மாடுகளை அடைத்துவைக்கும் பட்டி. மாட்டை அடைக்கும் இடத்துக்கும் அதே பெயர்தானாம். நிறை சம்பந்தமாக எதுவோ என்று நினைத்து யாரோ ஒரு எழுதுவினைஞர் என்னிடம் தள்ளிவிட்டிருந்தார். நான் அதைத் திருப்பி அனுப்பாமல், அந்தப் பட்டியைப் பார்க்க ஒரு நடை போய் வந்தேன். எதையும் போய்ப் பார்த்துக் கேட்டறிகிற விடுப்புப் புத்தி எனக்கு.

பிறகு போரில் பாதை மூடிய காலம். குணநாயகம் ஐயா வவுனியாவில் அந்தப் பக்கம், நான் கிளிநொச்சியில் இந்தப் பக்கம். கடிதம் ஒன்று போய்ச் சேரச் சில வேளை இரண்டு மாதம் ஆகும். சோதனைச்சாவடியில் பொருள்கள் பலவற்றையும் வர விடமாட்டார்கள். எங்கள் ஈயமும் வராமல் நின்றுவிட்டது. தேய்ந்து நிறை குறைந்த படிக்கல்லுக்கு அடிக்குழியில் ஈயம் உருக்கி ஊற்றித்தான் நிறை கூட்டவேண்டும். ஈயம் இல்லாவிட்டால் குறியும் குத்த முடியாது. முள்ளியவளையில் முத்திரை முகாம் போட்டு, வெறுங்கையோடு மேசையில் இருந்தேன். வரிசையில் குந்தியிருந்த ஒரு சம்மாட்டியார் கதையைக் கேட்டுவிட்டு மடியைத் தட்டிக்கொண்டு எழும்பினார். கரைவலை வைத்திருந்தவர், கடலுக்குப் போக வழியில்லாமல் இருந்தார்.

"ஐயா, என்ரை வலை இனி எப்ப தண்ணி காணுமோ தெரியாது. அதிலை கிடக்கிற ஈயக்குண்டைக் கழட்டித் தாறன். ஒண்டு மட்டும், என்ரை ஈயம் ஏறின படியாலை நாளைக்கு என்ரை மீனைக் குறைச்சு நிறுக்கக்கூடாது எண்டு இவையளுக்குச் சொல்லிவிடுங்கோ."

அந்த வருடம் முள்ளியவளைக் கடைகளின் படிகள் எல்லாம் மீன்வலை ஈயத்தால் சரியாகின. உருக்கும்போது மீன் வெடுக்கு வந்தது. அதை நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை. ஆனால் எனக்குள் ஒரு பெருமை ஏறிக்கொண்டது. பாதை மூடியிருந்தாலும், மேலதிகாரி இல்லாவிட்டாலும், என் பகுதியில் தராசு சரியாக நிற்கும் என்ற பெருமை. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது நாங்களும் துணுக்காய்க்குப் போனோம். சைக்கிள் கரியரில் நான் முதலில் கட்டியது நியமப் படிகளின் பெட்டி. ஒரு கிராமிலிருந்து ஐந்து கிலோ வரை, பித்தளையில், நீலத் துணிக் குழிகளுக்குள் இருக்கும். மனைவி பானை சட்டியோடு நின்று பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அங்கை போய் இந்தப் பித்தளையையே சமைச்சுத் தின்னப் போறம்?"

நான் கயிற்றை இறுக்கிக் கட்டினேன். பெரிய பானை வீட்டிலேயே நின்றுவிட்டது. அவள் அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

துணுக்காயில் ஒரு பள்ளிக்கூட வளவில் இடம்பெயர்ந்த சனம் கொட்டில் போட்டிருந்தது. வளவு மூலையில் ஒரு பாலை மரம். வியாழக்கிழமைகளில் அதன் கிளையில் ஒரு தொங்கு தராசைக் கட்டி, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை நிறுப்பார்கள். பொறுப்பு தவமணி மிஸ். குடும்பநல உத்தியோகத்தர், அதாவது மருத்துவிச்சி, ஐம்பது வயது, குரல் கொஞ்சம் கடுமை, மனம் அப்படியில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை. அட்டையில் ஒரு சிவப்புக் கோடு. நிறை கோட்டுக்குக் கீழே விழுந்தால் அந்தப் பிள்ளைக்குச் சத்துமாவும் பால்மாவும் கிடைக்கும். கோட்டுக்கு மேலே போனால் மாவை நிறுத்திவிடுவார்கள். எல்லாருக்கும் கொடுக்கச் சாமான் இல்லை. அந்தக் கோடுதான் தீர்ப்பு.

என்னை யாரும் அங்கே கூப்பிடவில்லை. நானாகவே போனேன். ஒரு புதன்கிழமை அந்த வழியால் போகும்போது தராசு மரத்தில் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. முள் பூச்சியத்தில் இல்லை. அதற்குக் கீழே சரிந்து நின்றது. பூச்சியத்தில் நிற்காத முள்ளைக் கண்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. தவமணி மிஸ் ஒரு பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருந்தார். உதவிக்கு நின்ற பெண்ணிடம், "நான் அரசாங்க முத்திரை ஐயா" என்று அறிமுகம் சொல்லிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

எங்கள் முறை இதுதான். தொங்கு தராசு என்றால் கொக்கியில் எதுவும் இருக்கக்கூடாது. வெறுங்கொக்கியில் முள் பூச்சியத்தில் நிற்கவேண்டும். திருகாணியைத் திருகி முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரு கிலோவைத் தொங்கவிட்டேன், சரி. இரண்டு, ஐந்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து. ஒரு மயிரிழை பிசகவில்லை. நல்ல தராசு, யாரோ திருகாணியில் கைவைத்துக் கெடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இனி ஒருவரும் தொடாமல் இருக்கத் திருகாணியின் தலையைக் கம்பியால் கட்டி, மீன்வலை ஈயத்தில் ஒரு துண்டை வைத்து நசுக்கி, முத்திரை குத்தினேன். "சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்தேன். வரும் வழியில் பாட்டுக்கூட முணுமுணுத்ததாக ஞாபகம்.

இரண்டு வாரம் கழித்துத் தவமணி மிஸ்ஸைச் சந்தையில் கண்டேன். முகம் மலர்ந்திருந்தது. "ஐயா, எல்லாப் பிள்ளையளும் ஒரே வாரத்திலை நிறை ஏறியிருக்குதுகள். மாவு வேலை செய்யுது போலை" என்றார். எனக்கும் சந்தோசம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாரத்தில் எப்படி ஏறும் என்று கேட்கத் தோன்றவில்லை. விடுப்புப் புத்தி என்று பீற்றினேனே, அன்றைக்கு அது எங்கே போனது?

மூன்றாவது வாரக் கடைசியில் துணுக்காய்ச் சந்தைக் கட்டடத்தில் முத்திரை முகாம். வெங்காயக்காரர், மீன்காரர், சங்கக் கடைக்காரர் என்று தராசும் படியுமாக வரிசை நின்றது. அந்த வரிசையில் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். கையில் தராசு இல்லை, இடுப்பில் ஒரு பெண்பிள்ளை.  மேசைக்கு முன்னால் வந்ததும் கேட்டார்.

"ஐயா, நீங்கதானே பாலை மரத்துத் தராசுக்கு முத்திரை குத்துனது?"

"ஓம். என்ன வேணும்?"

"கூடைக்குக் கழிச்சீங்களா?"

பேச்சிலேயே மலையகம் என்று தெரிந்தது. பெயர் லெட்சுமி. பதின்மூன்று வயதிலிருந்து தேயிலை பறித்தவர். இனக்கலவரத்தோடு குடும்பமாகக் கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறி, அங்கிருந்தும் இடம்பெயர்ந்து இந்த வளவுக்கு வந்திருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்கு வந்தது எரிச்சல்தான்.

"அங்கை கூடையும் இல்லை, ஒண்டும் இல்லை. அது அரசாங்கம் சரிபார்த்த தராசு. உங்களுக்கு விளங்காத விசயம். பின்னாலை ஆக்கள் நிக்கினம், விலகுங்கோ" என்றேன்.

அவர் விலகவில்லை. சத்தமும் போடவில்லை. பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"எம் புள்ள ஒரே வாரத்துல ஒரு ராத்தல் ஏறிருச்சுன்னு மாவ நிப்பாட்டிட்டாங்க. ராத்தல் கணக்கு எனக்குத் தெரியுங்க. அஞ்சு வருசம் கொழுந்த எடுத்துக் குடுத்தவ நான். எங் கைக்குப் புள்ள லேசாத்தான் ஆவுது. தோட்டத்துல நிறுக்கறப்ப கூடைக்கு ஒரு ராத்தல் கழிப்பாங்க, மழை நாள்னா தண்ணிக்கும் கழிப்பாங்க. அங்க கூடையக் கழிச்சு எங்களுக்குக் கொறச்சாங்க. இங்க கூடையச் சேத்து எம் புள்ளைக்குக் கொறைக்கிறீங்க."

"எந்தக் கூடை?" என்றேன்.

"புள்ளைய வைக்கிற சாக்குங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் காது சுட்டது. பிள்ளையைக் கொக்கியில் எப்படித் தொங்கவிடுவார்கள் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை. நான் போனது புதன்கிழமை. அன்று கொக்கி வெறுமையாக இருந்தது.

மேசையை அப்படியே விட்டுவிட்டு, படிப்பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். லெட்சுமி பின்னால் நடந்து வந்தார். ஏறச் சொல்லியும் ஏறவில்லை. வழி முழுக்கக் குணநாயகம் ஐயாவின் கேள்வி காதுக்குள் நின்றது. என்னத்தை நிறுத்தனீர்? படியை நிறுத்தேன். பிள்ளையை நிறுக்கவில்லை.

தவமணி மிஸ் அலுமாரியிலிருந்து, பிள்ளையை வைத்துத் தொங்கவிடும் ஏணையை எடுத்துத் தந்தார். தராசோடு வந்த மெல்லிய நைலோன் பை இடப்பெயர்வில் தொலைந்துவிட்டதால், மாச் சாக்கை இரண்டாக மடித்து, இரண்டு பக்கமும் தடி கோத்து, அவரே தைத்த ஏணை. நல்ல உறுதியான தையல். கொக்கியில் கொழுவினேன். முள் போய் நானூற்றைம்பதில் நின்றது. ஒரு கிராம் கூட்டிக் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. ஒரு இறாத்தல். ஒரு முழுப் பாண்.

"இந்த ஏணையைத் தொங்கவிட்டுத்தான் நான் முந்தி முள்ளைப் பூச்சியத்திலை வைச்சிருந்தனான்" என்றார் தவமணி மிஸ்.  "நீங்கள் வந்து போன பிறகு ஏணையைக் கொழுவ முள்ளு விலகி நிண்டதைப் பாத்தனான் ஐயா. அரசாங்க ஆள் வந்து திருத்தி முத்திரையும் போட்டிருக்கு, அப்ப முந்தி நான் வைச்சதுதான் பிழை, இதுதான் சரி எண்டு நினைச்சன். முத்திரையிலை கைவைச்சால் குற்றமெல்லோ?"

குற்றம்தான். அதை ஊரெல்லாம் சொல்லிவைத்தவனும் நான்தான். சரியாக இருந்த தராசைப் பிழையாக்கி, அந்தப் பிழையை யாரும் திருத்த முடியாதபடி ஈயத்தால் பூட்டியிருந்தேன். ஏமாற்றுகிற கடைக்காரரைப் பிடிக்க எனக்குப் பழக்கியிருந்தார்கள். ஒரு மருத்துவிச்சி தைத்த சாக்கைப் பற்றி எங்கள் முறையில் எதுவும் இல்லை என்று சொல்லித் தப்பலாம். அப்படித் தப்ப எனக்கு மனம் வரவில்லை. 

என் முத்திரையை நானே உடைப்பதற்கும் மேலதிகாரியின் எழுத்து வேண்டும். எழுத்துக்கு இரண்டு மாதம். குறடு ஒன்றை எடுத்துக் கம்பியை வெட்டினேன். ஏணையைக் கொழுவி, முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு லெட்சுமியின் மகளை வைத்தோம். மா நிறுத்திய நாளில் அட்டையில் எழுதியிருந்தது எட்டுக் கிலோ நானூறு. முள் காட்டியது ஏழு எண்ணூறு. ஏணையின் இறாத்தலையும் கழித்து, அதற்கு மேலும் குறைந்திருந்தது. மா நின்ற மூன்று வாரத்தில் பிள்ளை அவ்வளவு இழந்திருந்தது. பிள்ளையின் காலில் இருந்த வீக்கத்தை அமத்திப் பார்த்துவிட்டு, அன்றைக்கே மல்லாவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துண்டு எழுதினார் மிஸ்.

"இப்பச் சரியா எழுதிட்டீங்களா ஐயா?" என்று மட்டும் கேட்டார் லெட்சுமி. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பதினொரு நாள் ஆஸ்பத்திரி. பிறகு வாராவாரம் மா. நான் ஒவ்வொரு வியாழனும் பாலை மரத்தடிக்குப் போனேன். எனக்கு அங்கே வேலை இல்லை, ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. ஐம்பது கிராம், நூறு கிராம் என்று முள் ஏறுவதைப் பார்ப்பேன். தங்கம் நிறுக்கும் தட்டாரும் முள்ளை அப்படிப் பார்த்திருக்க மாட்டார். மாரி தொடங்கும் நேரம் பிள்ளை சிவப்புக் கோட்டைத் தாண்டியது. அன்றைக்குத்தான் அது என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் வேலியடிக்குப் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குள் அந்த வளவில் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. லெட்சுமி தன் முறை வந்தால் பிள்ளையை உடனே கொடுக்கமாட்டார். வெறும் ஏணையைத் தானே கொழுவி, அது ஆடி முடியும்வரை காத்திருந்து, முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை வைப்பார். அவரைப் பார்த்து அடுத்தவரும், அவரைப் பார்த்து அதற்கடுத்தவரும் அப்படியே செய்தார்கள். எழுத வாசிக்கத் தெரியாத தாய்மாரும் முள்ளைப் பார்க்கத் தெரிந்துகொண்டார்கள். மழை நாளில் ஏணை நனைந்தால், "மிஸ், சாக்கு ஈரம், முள்ளைத் திருப்பி வையுங்கோ" என்று சத்தம் வரும். நிறுவை இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. மிஸ் முணுமுணுத்தார், ஆனால் தடுக்கவில்லை. நான் அந்தத் தராசுக்குப் பிறகு முத்திரை போடவே இல்லை.

குணநாயகம் ஐயாவுக்கு எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினேன். முத்திரை உடைத்ததற்கு விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. கீழே பென்சிலால் ஒரு வரி இருந்தது: "மற்றப் பிள்ளைகள்?"

அவர் கேட்கமுன்பே அதைச் செய்திருந்தோம். முத்திரை உடைத்த அன்றைக்கே, மரத்தடி வாங்கில் மிஸ்ஸும் நானும் இருந்து, மூன்று வாரப் பதிவை விரித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் நானூற்றைம்பதைக் கழித்து எழுதினோம். லெட்சுமியின் மகளோடு பதினொரு பிள்ளைகள் கோட்டுக்குக் கீழே விழுந்தார்கள். அவளைத் தவிர ஒன்பது பேரை வளவுக்குள்ளேயே கண்டுபிடித்தோம். மா கொடுத்தோம்.

பதினோராவது ஒரு ஆண்பிள்ளை, ஒன்றரை வயது. நிறை ஏறிவிட்டது என்று மா நிறுத்திய அடுத்த நாளே குடும்பம் வளவை விட்டுப் போய்விட்டது. பிள்ளை தேறிவிட்டது, இனிப் பயணம் தாங்கும் என்று தகப்பன் சொன்னாராம். புதுக்குடியிருப்புப் பக்கம் என்றார்கள், இல்லை வவுனியா என்றும் சொன்னார்கள். இரண்டு முறை சைக்கிளில் போய் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. அவன் பெயருக்கு நேரே எட்டுக் கிலோ இருநூறு என்று இருந்தது. அதை வெட்டி, ஏழு எழுநூற்றைம்பது என்று என் கையாலேயே திருத்தி எழுதினேன். அதற்கு அடுத்த கட்டங்கள் எல்லாம் வெறுமையாகவே இருந்தன.